"முறிவு இல்லை" என்னும் தீர்ப்பு

கையை ஊன்றி விழுந்தவர், வண்டியோடு சறுக்கியவர், குளியலறையில் வழுக்கிய பாட்டி என ஒவ்வோர் இரவும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவோரில் பெரும்பாலோர் "முறிவு இல்லை, வெறும் அடிதான்" என்ற வார்த்தையைக் கேட்டுக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். அந்த வார்த்தை பெரும்பாலும் மெய்தான். பொய்த்துப்போகும்போது, சொன்னவருக்கு அது தெரிவதேயில்லை. ஆறு மாதம் கழித்து மணிக்கட்டு மடங்காமல் நிற்கும்போது கேட்டவருக்குத் தெரிகிறது.

இப்படித் தவறிப்போகும் முறிவுகளுக்கு யார் பொறுப்பு? "படத்தை ஒழுங்காகப் பார்க்காத டாக்டர்" என்கிறது பாதிக்கப்பட்டவர் தரப்பு. "உயிர் ஊசலாடும் இடத்தில் விரல் எலும்பை எண்ணிக்கொண்டிருக்க முடியுமா?" என்கிறது மருத்துவர் தரப்பு. இரண்டு வாதத்திலும் உண்மை இருக்கிறது. ஆனால் எல்லா முறிவுகளுக்கும் ஒரே பதிலைச் சொல்வதால் இரண்டுமே தடுமாறுகின்றன. தவறவிடுதல் என்பது ஒரே குற்றமல்ல, வகைகள் உண்டு. அவற்றைப் பிரித்தால்தான் பொறுப்பையும் பிரிக்க முடியும்.

முதலில் சான்றுகள். இங்கிலாந்தில் பிளிமத் நகரின் டெரிஃபோர்டு மருத்துவமனை அவசரப் பிரிவில் நான்கு ஆண்டுகளில் நேர்ந்த நோயறிதல் பிழைகளை அங்கேயே தொகுத்து 2001-இல் வெளியிட்டார்கள். 934 நோயாளிகளிடம் 953 பிழைகள். அவற்றில் 79.7 விழுக்காடு தவறவிடப்பட்ட எலும்பு முறிவுகள். காரணங்களில் முதலிடம், எடுத்த எக்ஸ்ரேயைத் தவறாகப் படித்தது: 77.8 விழுக்காடு. எக்ஸ்ரேயே எடுக்காதது 13.4 விழுக்காடு. பிழைகளில் பெரும்பான்மை இளநிலை மருத்துவர்கள் செய்தவை. புகாராகவோ வழக்காகவோ மாறியவை 22 மட்டுமே.

இந்தக் கணக்கை அப்படியே ஏற்றுக்கொள்ளவும் கூடாது. பிழை என்று பிற்பாடு கண்டுபிடிக்கப்பட்டவை மட்டுமே இதில் ஏறியிருக்கின்றன. வலியைப் பொறுத்துக்கொண்டவரும் வேறு மருத்துவரிடம் போய்விட்டவரும் இதில் இல்லை. ஆகவே இந்த எண் உண்மையின் அடிமட்டம். உச்சவரம்பு இதற்கு மேலே எங்கோ இருக்கிறது. தேடினால் எண்ணிக்கை எப்படி ஏறும் என்பதை அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் எண்டர்சன் குழுவினர் 1990-இல் காட்டினார்கள். பலத்த காயத்தோடு சேர்க்கப்பட்டவர்களை, ஆபத்துக் கட்டம் தாண்டியபின், தலைமுதல் கால்வரை மீண்டும் பரிசோதித்தார்கள். வழக்கமான பதிவேட்டில் சுமார் 2 விழுக்காடாக இருந்த தவறிய காயங்கள் 9 விழுக்காடாயின. காயங்கள் பெருகவில்லை, பார்வை கூடியது. "எங்கள் மருத்துவமனையில் இப்படி நடப்பதில்லை" என்று ஒருவர் சொன்னால், நீங்கள் தேடினீர்களா என்பதுதான் அடுத்த கேள்வி.

படத்தில் தெரியாதவை

முதல் வகை, எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் முதல்நாள் படத்தில் அகப்படாதவை. இதற்குத் தலையாய எடுத்துக்காட்டு ஸ்கேஃபாய்டு. மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் முந்திரிப் பருப்புப் போல வளைந்து கிடக்கும் சிற்றெலும்பு. மணிக்கட்டுச் சிற்றெலும்புகளில் மிக அதிகமாக முறிவது இதுதான். விழும்போது விரித்த கையை ஊன்றுகிற இளைஞர்களுக்கே பெரும்பாலும் நேர்கிறது. கோடு போன்ற விரிசல் முதல் நாளில் எக்ஸ்ரேயில் விழாமல் போகலாம். ஆறில் ஒன்று அளவுக்கு இப்படி மறைந்திருக்கும் என்பது எலும்பு மருத்துவர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட மதிப்பீடு. பத்துப் பதினான்கு நாள் கழித்து, விரிசலின் ஓரங்களில் எலும்பு சற்றுக் கரைந்தபின் மீண்டும் எடுக்கும் படத்தில் கோடு தெரியும்.

இந்த எலும்பின் பெரும்பகுதிக்கு இரத்தம் விரல் பக்கத்து முனையிலிருந்து பின்னோக்கிப் பாய்கிறது. நடுவில் முறிந்தால் முழங்கைப் பக்கத்துத் துண்டு இரத்தமின்றி மடியலாம். கட்டுப்போடாமல் வாரக்கணக்கில் விட்டால் முறிவு சேராது. சேராத முறிவு சில ஆண்டுகளில் மணிக்கட்டையே தேய்த்து மூட்டுவாதமாக்கும். எழுதவும் சுமக்கவும் வண்டி ஓட்டவும் வேண்டிய கையை இருபத்தைந்து வயதில் இழப்பதற்கு இந்தச் சிறிய எலும்பு போதும்.

ஆனால் படம் ஊமையானாலும் கை பேசுகிறது. கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில் ஒரு பள்ளம் தெரியும். முறிந்தவர்களில் ஏறக்குறைய அனைவருக்கும் அதை அழுத்தினால் வலிக்கும். முறியாத பலருக்கும் வலிக்கும் என்பது இந்தச் சோதனையின் குறை. ஆகவே அங்கே வலித்தால் "முறிவு" என்று சொல்ல முடியாது. "முறிவு இல்லை" என்றும் சொல்ல முடியாது. "இருக்கலாம்" என்று வைத்துக்கொண்டு கட்டுப்போட்டு, பத்தாம் நாள் வரச் சொல்வதே பழைய முறை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016 வழிகாட்டுதலில், ஸ்கேஃபாய்டு முறிவுச் சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ.யையே முதல் படமாக எடுப்பதைப் பரிசீலிக்கச் சொல்கிறது.

முதியோரின் இடுப்பு முறிவிலும் இதே கதை. அழுந்தி நிற்கும் முறிவோடு சிலர் நடந்தே வருவார்கள். எக்ஸ்ரே சரியாக இருக்கும். படம் சுத்தமாக இருந்தும் சந்தேகம் நீங்கவில்லையானால் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் அது கிடைக்காவிட்டால் சி.டி. எடுக்கலாம் என்று அதே அமைப்பு 2011-இல் சொல்லிவிட்டது. இந்த வகையில் முதல் பார்வையில் தவறவிட்ட மருத்துவர் மீது குற்றமில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லி அனுப்பினால்தான் குற்றம் தொடங்குகிறது.

படத்தில் இருந்தும் காணாதவை

இரண்டாம் வகை, ஃபிலிமில் இருக்கும். பார்த்தவர் கண்ணில் படாது. பிளிமத் கணக்கில் பெரும்பங்கு இதுதான். மணிக்கட்டில் லூனேட் எலும்பைச் சுற்றிய எலும்புகள் மொத்தமாக இடம்பெயரும் கடுமையான காயம் ஒன்று உண்டு. ஹெர்ஸ்பெர்க் குழுவினர் 1993-இல் பல மருத்துவமனைகளிலிருந்து திரட்டிய 166 பேரில் நான்கில் ஒருவருக்கு அது முதலில் தவறிப்போயிருந்தது. பக்கவாட்டுப் படத்தில் பளிச்செனத் தெரிய வேண்டிய காயம் அது.

இதை அலட்சியம் என்று ஒரு சொல்லில் முடித்துவிட முடியாது. படம் பார்ப்போரின் தவறுகளை ஆராய்ந்தவர்கள் நன்கு அறிந்த ஒரு பழக்கம் உண்டு: ஒன்றைக் கண்டுபிடித்ததும் தேடல் நின்றுவிடுகிறது. வேகமான விபத்தில் தொடை எலும்பு நடுவில் முறிந்து வருபவருக்கு, அதே எலும்பின் கழுத்துப் பகுதியிலும் மெல்லிய விரிசல் இருக்கலாம். நடுமுறிவு அவ்வளவு பெரிதாகத் தெரிவதால் கழுத்தை யாரும் பார்ப்பதில்லை. பெரிய காயம் சின்னதை மறைக்கிறது. சின்னதுதான் பின்னால் இடுப்பு மூட்டைக் கெடுக்கிறது.

நள்ளிரவு, நீண்ட வரிசை, பயிற்சி முடித்துச் சில மாதமே ஆன டூட்டி டாக்டர், மங்கிய ஒளிப்பெட்டி அல்லது வாட்ஸ்அப்பில் வந்த படத்தின் படம். இந்தச் சூழலில் தனிமனிதக் கண் தவறும் என்பது முன்கூட்டியே தெரிந்த சங்கதி. தெரிந்தும் இரண்டாவது கண்ணை ஏற்பாடு செய்யாதது யார்? இங்கிலாந்தில் 1980-களிலேயே எளிய வழி ஒன்று கண்டார்கள். படம் எடுக்கும் ரேடியோகிராஃபருக்குச் சந்தேகம் வந்தால் ஃபிலிமின் மேல் சிவப்புப் புள்ளி ஒட்டுவார். அதைக் கண்ட மருத்துவர் மறுபடி பார்ப்பார். செலவு ஒரு ஸ்டிக்கர். ஆக, இவ்வகையில் மருத்துவருக்குச் சிறு பங்கும் நிர்வாகத்துக்குப் பெரும் பங்கும் பொறுப்பு.

தேடவே படாதவை

மூன்றாம் வகைக்குச் சலுகை கிடையாது. வலிப்பு வந்தவருக்கும் மின்சாரம் தாக்கியவருக்கும் தோள் மூட்டு பின்பக்கமாக நழுவலாம். தோள் நழுவல்களில் இது 2 முதல் 5 விழுக்காடுதான். ஆனால் பாதிக்கு மேல் முதல் பரிசோதனையில் தவறிப்போகிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. நேர்ப்படத்தில் பந்து கிண்ணத்திலேயே இருப்பதுபோல் தோன்றும். ஆனால் கையை வெளிப்பக்கம் திருப்பச் சொன்னால் திரும்பாது. அந்த ஓர் அசைவைச் சோதித்திருந்தால், அக்குள் வழியாக இன்னொரு கோணத்தில் ஒரு படம் எடுத்திருந்தால், நழுவல் ஒளிந்திருக்க முடியாது.

முன்கையில் ஒரு எலும்பு முறிந்த குழந்தைக்கு முழங்கையில் மற்ற எலும்பின் தலை விலகியிருக்கலாம். கணுக்கால் பிசகியவருக்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழே மெல்லெலும்பு முறிந்திருக்கலாம்; கணுக்காலை மட்டும் படமெடுத்தால் அது சட்டத்துக்கு வெளியே நிற்கும். முறிந்த இடத்துக்கு மேல்மூட்டும் கீழ்மூட்டும் பார்க்க வேண்டும் என்ற பாலபாடத்தை விட்டதன் விளைவுகள் இவை. முன்கைக் காயத்தை மிலானில் மான்டெஜியா விவரித்தது 1814-இல். பின்பக்கத் தோள் நழுவலை லண்டனில் ஆஸ்ட்லி கூப்பர் எழுதியது 1839-இல். கணுக்கால் காயத்தைப் பாரிஸில் மெஸோனோவ் சொன்னது 1840-இல். ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்ததோ 1895-இல். எக்ஸ்ரே பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே மருத்துவ நூலில் ஏறிய காயங்களை, எக்ஸ்ரே கையில் இருக்கும் காலத்தில் தவறவிடுகிறோம். கருவி வந்தபின் கைவைத்துப் பார்க்கும் வழக்கம் தேய்ந்துவிட்டது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் இல்லை.

இவற்றில் மிக ஆபத்தானது முழங்கால் மூட்டு முற்றிலும் விலகித் தானே திரும்பப் பொருந்திக்கொள்வது. படம் ஏறக்குறையச் சரியாக இருக்கும். மூட்டின் பின்னால் ஓடும் இரத்தக்குழாய் கிழிந்திருந்தால், ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் ஓட்டத்தை மீட்க வேண்டும். தவறினால் காலை இழக்க நேரிடும். கணுக்காலின் இரத்த அழுத்தத்தையும் கையின் அழுத்தத்தையும் ஒப்பிட்டு, விகிதம் 0.9-க்குக் குறைந்தால் உடனே விழித்துக்கொள்வதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை.

மருத்துவர் தரப்பின் மூன்று வாதங்கள்

"உயிர் முதலில்" என்பது அவர்களின் வலுவான வாதம். ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு அறுவை மருத்துவர் 1976-இல் நெப்ராஸ்காவில் தன் குடும்பத்தோடு விமான விபத்தில் சிக்கி, கிடைத்த சிகிச்சையின் சீர்கேட்டைக் கண்டு கொதித்ததன் விளைவாக 1978-இல் பிறந்ததுதான் இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் ஏ.டி.எல்.எஸ். பயிற்சி. மூச்சுப்பாதை, சுவாசம், இரத்த ஓட்டம் என்ற அதன் வரிசையில் மணிக்கட்டு பின்னால் வருவது நியாயமே. ஆனால் இந்த நியாயம் முதல் சில மணி நேரத்துக்கானது. மூன்றாம் நாள் வார்டில் நினைவு திரும்பிப் படுத்திருப்பவரின் கைகால்களை யாரும் தொட்டுப் பார்க்காததற்கு அதைக் காட்ட முடியாது. எண்டர்சன் குழு சொன்ன மறுபரிசோதனை அந்த மூன்றாம் நாளுக்காகத்தான்.

அடுத்தது, "எல்லோருக்கும் எல்லாப் படமும் எடுத்தால் செலவும் கதிர்வீச்சும் என்னாவது?" நியாயமான கவலை. ஆனால் கனடாவில் இயன் ஸ்டீல் குழு 1992-இல் உருவாக்கிய ஒட்டாவா கணுக்கால் விதிகள் இதற்குப் பதில் சொல்லிவிட்டன. குறிப்பிட்ட எலும்பு விளிம்புகளை அழுத்தினால் வலிக்கிறதா, நான்கடி நடக்க முடிகிறதா என்று பார்த்தாலே முறிவுகளில் ஏறக்குறைய ஒன்றையும் விடாமல், எக்ஸ்ரேக்களை 30 முதல் 40 விழுக்காடு வரை குறைக்கலாம். கவனமான பரிசோதனை செலவைக் கூட்டவில்லை, குறைத்தது.

மூன்றாவது, வழக்குப் பயம். உச்ச நீதிமன்றம் 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில், கணிப்பில் நேரும் பிழை மட்டுமே கவனக்குறைவு ஆகாது என்று தெளிவுபடுத்தியிருக்கிறது. பிளிமத்தில் 953-க்கு 22 மட்டுமே புகார் அல்லது வழக்கு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பிழையை மறைக்கும் அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. நீதிமன்றத்தால் பிழைகள் திருந்தும் என்று நோயாளிகள் நம்பிக்கொண்டிருக்கவும் முடியாது.

இயந்திரம் காப்பாற்றுமா?

செயற்கை நுண்ணறிவை இப்போது தீர்வாகச் சொல்கிறார்கள். 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், மணிக்கட்டுப் படங்களில் முறிவைக் கண்டுபிடிக்கும் அவசர மருத்துவர்களின் திறன் கணினித் துணையோடு 80.8 விழுக்காட்டிலிருந்து 91.5 விழுக்காடாக உயர்ந்தது. முறியாததை முறிந்தது என்று சொல்லும் தவறும் குறைந்தது. நைஸ் அமைப்பு 2025 ஜனவரியில் இத்தகைய நான்கு மென்பொருள்களை, மேலும் சான்று திரட்டும் நிபந்தனையோடு, பயன்படுத்தலாம் என்றது. இரண்டாம் வகைப் பிழைக்கு இது மெய்யான மருந்து. ஆனால் முதல் வகையில் படத்தில் கோடு இல்லை. மூன்றாம் வகையில் படமே இல்லை. எடுக்காத படத்தை எந்த மென்பொருளும் படிக்காது. கருவியை வாங்கிவிட்டுக் கைவைத்துப் பார்ப்பதை இன்னும் குறைத்தால் ஒரு பிழை தீர்ந்து இன்னொன்று வளரும்.

நம் ஊர்ச் சங்கிலி

தமிழ்நாட்டில் இந்தப் பிழைக்குத் தனியான ஒரு தொடர்ச்சி இருக்கிறது. மருத்துவமனை "முறிவு இல்லை, சுளுக்குத்தான்" என்று சொன்னால், அடுத்த படி சுளுக்கெடுப்பவர். எண்ணெய் போட்டு நீவுவார்கள், கட்டுவார்கள். முழங்கையில் அடிபட்ட குழந்தைக்கு அழுத்தி நீவினால் மூட்டைச் சுற்றிய தசையில் எலும்பு படிந்து கை மடங்காமல் போகலாம் என்பது எலும்பு மருத்துவர்கள் அடிக்கடி எச்சரிப்பது. இதில் நாட்டு வைத்தியரை மட்டும் சாடுவது முறையல்ல. சுளுக்கு என்று முதலில் பெயர் வைத்தது ஓ.பி. சீட்டு.

இன்னொன்று, நம் மருத்துவமனைகள் பலவற்றில் எக்ஸ்ரே ஃபிலிம் உறைக்குள் போய் நோயாளியோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. மறுநாள் காலை மூத்த கதிரியக்க மருத்துவர் படித்து, "அந்த நோயாளியைக் கூப்பிடுங்கள்" என்று சொல்ல அங்கே படமே இல்லை. பிழையைப் பிடிக்க வேண்டிய இடமே அமைப்பில் விடுபட்டிருக்கிறது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48" திட்டம் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. உயிரைக் காக்கும் அளவில் அது பாராட்டத்தக்கது. ஆனால் மறைந்த முறிவின் கடிகாரம் பத்தாம் நாளில்தான் அடிக்கிறது. கட்டுமான வேலைக்குப் போகிறவர் ஒரு நாள் கூலியை விட்டு, பேருந்தேறி, பத்தாம் நாள் மீண்டும் வரிசையில் நிற்பார் என்று எதிர்பார்ப்பவர்கள், அவர் வருவதற்கான காரணத்தையாவது சீட்டில் எழுதித் தர வேண்டும்.

முடிவு

மூன்று வகைக்கும் மூன்று தீர்ப்பு. படத்தில் தெரியாததைத் தவறவிட்ட மருத்துவர் நிரபராதி. சந்தேகத்தைச் சொல்லாமலும் மறுபடி வரவேண்டிய நாளைக் குறிக்காமலும் அனுப்பியிருந்தால் குற்றவாளி. படத்தில் இருந்ததைக் காணாததற்கு முதல் பொறுப்பு, ஒரே ஒரு களைத்த கண்ணை நம்பி இரவுகளை நடத்தும் நிர்வாகத்தின் மீது. தொட்டுப் பார்க்காமல், மேல்மூட்டையும் கீழ்மூட்டையும் சோதிக்காமல், ஒரே கோணப் படத்தோடு முடித்த பிழை மருத்துவருடையதும் அவரை உருவாக்கிய கல்லூரியுடையதும்.

மொத்தத்தில் கனமான குற்றம் இரண்டாம் பார்வை இல்லாததுதான். முதல் பார்வை தவறும், உலகெங்கும் தவறுகிறது. இரண்டாவது கண், இரண்டாவது கோணம், இரண்டாவது நாள் ஆகிய மூன்றும் இல்லாத இடத்தில் அந்தத் தவறு ஊனமாகிறது. ஒரு மருத்துவமனையை அளக்க ஒரே கேள்வி போதும்: கடந்த மாதம் எத்தனை முறிவுகளைத் தவறவிட்டீர்கள்? எண்ணைச் சொல்லும் மருத்துவமனையை நம்பலாம். "ஒன்றுகூட இல்லை" என்று சொல்லும் மருத்துவமனை தேடவில்லை.

நோயாளிகள் அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. "முறிவு இல்லை" என்று கேட்டதும், "படத்தில் தெரியவில்லையா, நிச்சயமாக இல்லையா?" என்று கேளுங்கள். எந்தத் தேதியில் மறுபடி காட்ட வேண்டும் என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். எக்ஸ்ரேயைப் பத்திரமாக வையுங்கள். பத்து நாளாகியும் வலி குறையவில்லையென்றால், நீவ விடாமல் அதே படத்தோடு எலும்பு மருத்துவரிடம் போங்கள்.